மருந்து கொடுக்கும் ஜன்னல்

(நெய்யாற்றின்கரை வட்டம், பாறசாலை அருகே ஓர் எல்லைக் கிராம வாசகசாலையில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசகசாலைக்காரர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'அரசு, தனியார் மருத்துவமனைகளில் மருந்துச் சேவை: நாடுகளின் ஒப்பீடு'. தலைப்பு கொஞ்சம் நீளம். ஆனால் இதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு அன்றாட வேலை. இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் பாறசாலை தாலுகா ஆசுபத்திரி, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆசுபத்திரி, அதையும் தாண்டினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. தெற்கே இஞ்சிவிளை தாண்டி களியக்காவிளையில் இறங்கி வண்டி மாறினால் குழித்துறை அரசு ஆசுபத்திரி, மார்த்தாண்டத்துத் தனியார் ஆசுபத்திரிகள், கடைசியில் ஆசாரிப்பள்ளம். ஒரே வீட்டில் அப்பா வடக்கே போவார், அம்மா தெற்கே போவாள். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும் நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அந்தக் கோடு தெரியாது.

மருத்துவமனை என்றதும் நாம் டாக்டரைப் பற்றிப் பேசுவோம், ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம். மருந்து வாங்குகிற ஜன்னலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாக்டர் எழுதியது வாய்க்குள் போகும்முன் கடைசியாக ஒரு மனிதர் அதைப் பார்க்கிற இடம் அந்த ஜன்னல்தான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன அதிகாரம், எவ்வளவு நேரம், யாருடைய சம்பளம் என்ற மூன்றையும் பார்த்தால் ஒரு நாட்டின் மருத்துவம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். நான் இன்று சொல்லவந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சி.

முதலில் அரசு ஜன்னல். அங்கே வருகிற மாத்திரை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் தருமாசுபத்திரி மருந்து என்றாலே ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விலைக்கு வாங்குவார்கள். தேவையானது இருக்காது, தேவையில்லாதது காலாவதியாகிக் கிடக்கும். தமிழ்நாடு இதை மாற்றியது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அடுத்த ஆண்டே ஆசுபத்திரிகளுக்கு மருந்து போகத் தொடங்கியது. அதன் சிற்பி என்று சொல்லப்படுபவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூரணலிங்கம். அவர்கள் செய்தது எளிய காரியம். மாநிலத்துக்குத் தேவையான மருந்துகளுக்கு ஒரே பட்டியல். பிராண்டு பெயர் கிடையாது, மருந்தின் பெயர் மட்டும். ஒரே டெண்டர். தரம் பற்றிய உறையை முதலில் திறப்பார்கள், தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு திறப்பார்கள். மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கிய சரக்கை உடனே வெளியே விடமாட்டார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீடு போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறியது என்று அறிக்கை வந்தபிறகுதான் மருந்து நகரும். ஆசுபத்திரிக்கு ஒரு பாஸ்புக். இந்த வருஷம் உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் எழுதியிருக்கும். எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை அந்த ஆசுபத்திரியே முடிவு செய்யலாம்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பல மாநிலங்கள் படித்தன. கேரளம் 2007 டிசம்பரில் தன் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2இல் இலவச மருந்துத் திட்டத்தையே தொடங்கிவிட்டது. இந்த ஏற்பாட்டை நடத்துவதில் கேரளத்துக்கு ஒரு பாடமும் கிடைத்தது. 2023 மே மாதம் சில நாள் இடைவெளியில் கொல்லத்திலும் தும்பாவிலும் கழகத்தின் மருந்துக் கிடங்குகள் தீப்பிடித்தன. தும்பாவில் தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். கிடங்கில் பிளீச்சிங் பவுடரை எங்கே, எப்படி அடுக்குவது என்பதும் மருந்துச் சேவையில் சேர்ந்ததுதான் என்பதை அந்தத் தீ நமக்குக் காட்டியது. சப்ளை செய்த கம்பெனிகளுக்குப் பாக்கி ஏறும்போது என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 'இது இங்கே இல்லை, வெளியே வாங்கிக்கோ' என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். இலவசம் என்ற வாக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகும்.

சரி, மருந்து வந்துவிட்டது. ஜன்னலில் என்ன நடக்கிறது? காலை பத்து மணிக்கு வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கிறது. உள்ளே ஒருவரோ இருவரோ. சீட்டை வாங்குகிறார், கத்தரிக்கோலால் அட்டையை வெட்டுகிறார், 'இது காலையில ஒண்ணு, இது ராத்திரி ஒண்ணு' என்கிறார், அடுத்தவர். அந்த வெட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்து மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் ஒரு பக்கம், காலாவதித் தேதி ஒரு மூலை. ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தால் பெயர் ஒருவர் கையிலும் தேதி இன்னொருவர் கையிலும் போய்ச் சேரும். வீட்டுக்குப் போனபிறகு அது வெறும் வெள்ளைக் குளிகை. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மருந்தாளுநரைக் குறை சொல்லவில்லை. நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்க வேண்டியது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு மருந்தாளுமைத் தொழில் விதிகள் சொல்கின்றன. அந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் விளக்கினால் சாயந்திரமானாலும் ஜன்னலை அடைக்க முடியாது. சட்டம் கடமையைக் கொடுத்தது, ஆளைக் கொடுக்கவில்லை.

இனி தனியார் ஜன்னல். நியாயமாகப் பேசவேண்டும், அங்கே சில விஷயங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஏசி இருக்கும், பில் கிடைக்கும், பில்லில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். இன்சுலின் குளிர்பெட்டியில் இருந்து வரும். பெரிய ஆசுபத்திரிகளில் வார்டுக்கே போய் நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கிற மருந்தாளுநர்கள் உண்டு. இல்லாத மருந்து என்பது அபூர்வம். ஆனால் அந்தக் கடையில் போட்டி கிடையாது. உள்நோயாளியாகப் படுத்திருப்பவர் களியக்காவிளையில் எந்தக் கடையில் விலை குறைவு என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. மணிக்கொருதரம் நர்ஸ் ஒரு பட்டியலை நீட்டுவார், கீழே போய் வாங்கி வரவேண்டும்.

2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. ஊசி, சலைன் குழாய், கையுறை போன்ற பொருள்களில் 1,700 விழுக்காட்டையும் தாண்டிய லாபம் இருந்ததாகக் கண்டது. இதில் பெரும்பகுதி சட்டத்தை மீறியதே இல்லை என்பதுதான் விசித்திரம். அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்கவில்லை. மொத்தமாக வாங்குகிற ஆசுபத்திரிக்கு அடிமாட்டு விலை, அட்டையில் அச்சடித்திருப்பதோ ஆகாயத்து விலை. அட்டையில் எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதில் ஆசுபத்திரிக்கும் குரல் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் இதையே எழுதியது: மருத்துவமனைக்கு உள்ளேயுள்ள மருந்துக்கடைக்குப் போட்டி என்பதே இல்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 4ஆம் தேதி நீதிமன்றம், கட்டாய உத்தரவு போட மறுத்து, நோயாளிகள் சுரண்டப்படாதபடி கொள்கை வகுக்க வேண்டியது மாநிலங்கள்தான் என்று சொல்லி அனுப்பியது. ஆகவே பந்து இப்போது திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இருக்கிறது.

ஒரு பக்கம் இலவசம், வாய்பேச நேரமில்லை. மறுபக்கம் நேரம் உண்டு, பையில் பணம் தங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே அரசுகள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. கேரளத்தில் காருண்யா மருந்தகங்கள் 2012 முதல் நடக்கின்றன. பிராண்டு மருந்தையே மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். 2024 ஆகஸ்டில் புற்றுநோய் மருந்துகளை லாபமே வைக்காமல் தரும் பிரிவையும் அங்கே தொடங்கினார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008இல் தொடங்கியவை. தமிழ்நாட்டில் 2014இல் அம்மா மருந்தகம் வந்தது, 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. எல்லாம் நல்லதே. ஆனாலும் 2021-22ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 39.4 விழுக்காடு நேரே மக்களின் பையிலிருந்துதான் போகிறது. கேரளத்தில் இந்தப் பங்கு தேசிய சராசரியைவிடக் கூடுதல். அதில் பெரிய பங்கு மருந்துக்கு.

இனி வெளியே போவோம். முதலில் பக்கத்து வீடு, இலங்கை.

மருந்துக் கொள்கை என்று உலகில் எங்கே பேசினாலும் ஒரு சிங்களவரின் பெயரைச் சொல்லாமல் முடியாது. பேராசிரியர் சேனக பிபிலே. கொழும்பில் மருந்தியல் கற்பித்தவர், இடதுசாரி. 1971இல் டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து ஓர் அறிக்கை தந்தார். அதன்படி அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அரசு ஆசுபத்திரிக்கும் தனியார் கடைக்கும் ஒரே வாசல் வழியாக மருந்து இறக்குமதி, உலக அளவில் டெண்டர், பிராண்டுக்குப் பதிலாக மருந்தின் பெயர். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைந்தன. பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? எதிர்ப்பு வலுத்தது. 1977இல் ஆட்சி மாறியது, கொள்கை தளர்ந்தது. அதே ஆண்டு பிபிலே கயானாவில் காலமானார். அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. சின்னத் தீவு முன்னால் நடந்த வழியில் உலகம் பின்னால் நடந்தது. கூட்டுத்தாபனத்தின் கடைகளான ஒசுசல இன்றும் இலங்கை நகரங்களில் இருக்கின்றன. தனியார் கடைக்காரர் விலையை ஏற்றினால் ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு ஓர் இடம் உண்டு.

அந்த நாட்டின் அரசு ஆசுபத்திரியில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் 2022இல் டாலர் தீர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நோயாளிகள் வெளியே வாங்கிவரச் சொல்லி அனுப்பப்பட்டார்கள். அந்த அவசரத்தில் கொள்முதல் விதிகள் நெகிழ்ந்தன. தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி ஆசுபத்திரிகளுக்குள் வந்தது. 2024 பிப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். பிபிலேயின் நாட்டுக்கு இப்படி ஆனதைப் பார்க்கும்போது, பெயரை மறைத்து மாதிரி சோதிக்கிற அந்தச் சலிப்பான வேலையின் அருமை புரிகிறது. காசுக்குத் தட்டுப்பாடு வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்தச் சோதனைதான்.

அடுத்து மலேசியா. நம் சொந்தக்காரர்கள் பலர் இருக்கிற நாடு. அங்கே அரசு வெளிநோயாளர் பிரிவில் குடிமகன் கட்டுவது ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்த்தால் ஐந்து ரிங்கிட். மருந்தும் அதற்குள் அடக்கம். வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை, அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அங்கே நான் வியப்பது ஜன்னலை அவர்கள் பல இடங்களுக்குப் பிரித்ததை. சர்க்கரை, அழுத்த நோயாளிக்குச் சில மாதங்களுக்கான சீட்டு எழுதிவிடுவார்கள். அடுத்தடுத்த மாத மருந்தைத் தபாலில் வாங்கலாம், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கலாம், சில ஆசுபத்திரிகளில் காரில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போகலாம். வரிசை குறைந்தால் நேருக்கு நேர் வருகிறவரிடம் பேச நேரம் கிடைக்கும். தனியார் பக்கம் கதை வேறு. கிளினிக் டாக்டரே மருந்தும் விற்பார், பரிசோதனைக் கட்டணமும் மருந்து விலையும் ஒரே தொகையாக வரும். எதற்கு எவ்வளவு என்று தெரியாது. 2025 மே முதல் தேதியிலிருந்து தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. டாக்டர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்.

எழுதுகிறவரே விற்கலாமா என்ற இந்தக் கேள்வி பழையது. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் பிரெடரிக் பேரரசர் வைத்தியரையும் மருந்து விற்பவரையும் சட்டம் போட்டுப் பிரித்தார். தென்கொரியா 2000ஆம் ஆண்டில்தான் அதைச் செய்தது. அதுவரை டாக்டர் மருந்து விற்பார், கடைக்காரர் வைத்தியம் பார்ப்பார். பிரித்தபோது டாக்டர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலன் என்ன? தேவையில்லாத இடத்தில் கிருமிக்கொல்லி எழுதுவது குறைந்ததை ஆய்வுகள் காட்டின. மொத்த மருந்துச் செலவு மட்டும் குறையவில்லை, முடியாத வயதானவர் இரண்டு இடத்துக்கு அலைய வேண்டியிருந்தது. ஆகவே பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுதுகிற கை விற்கிற கல்லாவோடு கட்டப்பட்டிருந்தால் கை எந்தப் பக்கம் சாயும் என்பதற்குக் கொரியா சாட்சி.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் வேறு வேஷத்தில். ஏழைகளுக்குச் சிகிச்சை தரும் ஆசுபத்திரிகளுக்கு மருந்துக் கம்பெனிகள் தள்ளுபடியில் தரவேண்டும் என்று 1992இல் ஒரு திட்டம் வந்தது. தள்ளுபடியில் வாங்கிய மருந்துக்கு இன்சூரன்சிடம் முழு விலையும் வசூலிக்கலாம். மிஞ்சுகிற பணம் ஏழைக்குப் போகிறதா, கட்டடத்துக்குப் போகிறதா என்று இன்றுவரை அங்கே வழக்கும் வாதமும் ஓயவில்லை.

பிரிட்டனை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஆசுபத்திரியில் படுத்திருப்பவருக்கு மருந்துக்கு விலை இல்லை. வெளியே கடையில் வாங்கினால் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9 பவுண்டு 90 பென்ஸ். வேல்ஸ் 2007இலும் வட அயர்லாந்து 2010இலும் ஸ்காட்லாந்து 2011இலும் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. இங்கிலாந்திலும் முதியவர், குழந்தைகள் கட்ட வேண்டியதில்லை. விலையைவிட முக்கியமானது இன்னொன்று. அங்கே டாக்டர்கள் எழுதுவதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மருந்தின் பெயர்தான், பிராண்டு இல்லை. வார்டில் மருந்தாளுநர் படுக்கை படுக்கையாகப் போய், வீட்டில் இருந்து கொண்டுவந்த மருந்தையும் இங்கே எழுதிய மருந்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். இரண்டும் மோதினால் டாக்டருக்குப் போன் போடுவார். 2006 முதல், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே சீட்டு எழுதலாம்.

நம் நாட்டில் மருந்தாளுநரின் நிலை என்ன? டாக்டர் பிராண்டு பெயர் எழுதியிருந்தால், அதே மருந்து பாதி விலையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், சீட்டில்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச் மருந்தாக இருந்தால் மாற்றித்தர மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் பொதுப்பெயரிலேயே எழுதவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மூன்றே வாரத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். தரத்தில் சந்தேகம் என்பது டாக்டர்கள் தரப்பு வாதம். அந்த வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. மாதிரி எடுத்துச் சோதிக்கிற கழகத்தின் மருந்துக்கும், கடை அலமாரியில் இருக்கிற எல்லா மருந்துக்கும் ஒரே அளவு காவல் இல்லை என்பது உண்மை. பெயரை மாற்றினால் போதாது, காவலையும் கூட்டவேண்டும்.

இந்தப் பிரிட்டிஷ் மருந்தாளுநர் செய்கிற வேலை நம் எல்லையில் ஏன் அவசியம் தெரியுமா? இங்கே எந்த வீட்டிலும் பிஸ்கட் டப்பா ஒன்றில் மருந்து இருக்கும். திறந்து மேஜைமேல் கொட்டுங்கள். தமிழ்நாடு அரசு முத்திரை போட்ட அட்டை ஒன்று, கிளிமிபிரைடு. கேரள அரசு அட்டை ஒன்று, மெட்ஃபார்மின். தனியாரில் எழுதிய பளபளப்பான அட்டை ஒன்று, மூன்றெழுத்துப் பிராண்டு பெயர். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது. பாட்டிக்கு அவை மூன்று நிறத்தில் மூன்று வேறு வேறு குளிகை. 'இது குழித்துறை டாக்டர் தந்தது, இது பாறசாலை, இது மகன் கூட்டிட்டுப் போனப்ப எழுதினது' என்று மூன்றையும் பக்தியோடு விழுங்குவாள். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறும். வீட்டார் பக்கவாதம் என்று பதறித் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூன்று ஜன்னலிலும் கொடுத்த மருந்து சரியான மருந்து. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது, சர்க்கரை, அழுத்த மருந்து வீட்டுக்கே வருகிறது. இந்தப் பக்கம் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் படுக்கையில் கிடப்பவரைத் தேடி வருகிறார். கேரளத்தில் கிருமிக்கொல்லியை நீல உறையில் போட்டு எச்சரிக்கை அச்சடித்துத் தருகிறார்கள். இரண்டு அரசுகளுக்கும் வீடு தேடிப் போகவும் உறையில் நாலு வரி எழுதவும் தெரிகிறது. ஆகவே நான் கேட்கப்போவது ஆகாத காரியம் இல்லை.

ஒன்று, எல்லை வட்டங்களில் ஒரு மருந்து அட்டை. தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்தது. மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காக, யார் எழுதியது என்ற நான்கு கட்டம் போதும். பாறசாலையில் எழுதினாலும் குழித்துறையில் எழுதினாலும் மார்த்தாண்டத்துத் தனியாரில் எழுதினாலும் அதே அட்டையில் எழுதவேண்டும். இரண்டு, அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் தேதியும் எழுதிய உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். மூன்று, வாரத்தில் ஒரு மத்தியானம் ஒரு மருந்தாளுநரை ஜன்னலை விட்டு வெளியே உட்காரவைத்து, டப்பாவைக் கொண்டு வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்லவிடவேண்டும். நான்கு, தனியார் ஆசுபத்திரிகளில் 'மருந்தை வெளியிலும் வாங்கலாம்' என்ற பலகை, மருந்துக்கடைக் கல்லாவுக்கு மேலேயே.

இதை யாரிடம் கேட்பது? கேரளத்தில் தாலுகா ஆசுபத்திரிகள் உள்ளாட்சியின் கையில் இருக்கின்றன. பிளாக் பஞ்சாயத்து உறுப்பினரை உங்களுக்கு முகம் தெரியும், ஆசுபத்திரி நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியும். தெற்கே உறவுக்காரர்கள் இருப்பவர்கள் அங்கேயுள்ள நோயாளர் நலச் சங்கத்தில் கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு கோரிக்கைக்கும் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். அச்சடிக்கிற காகிதச் செலவுதான். மூன்றாவதுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அந்த ஆளுக்காக நாம் சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும். நான்காவதை இரண்டு மாநிலங்களும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே வழிவிட்டிருக்கிறது. வருகிற கிராம சபையில் இந்த நாலையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதித்தர நான் தயார். வீட்டில் மருந்து டப்பா வைத்திருப்பவர்கள் இப்போதே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள், கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.